சேலத்துச் சொல் சங்கமும் பூட்டிக் கிடந்த பீரோவும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள். பெங்களூர் பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்க வேண்டாம்.

ராஜாஜி என்றால் உங்களில் பலருக்குக் கவர்னர் ஜெனரல், மதுவிலக்கு, குலக்கல்வி இவைதான் நினைவுக்கு வரும். பரீட்சைக்கு அதுதான் வரும், நானும் அதைத்தான் நடத்தினேன். ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10 அன்று பிறந்து, ஓசூர்ப் பள்ளியில் படித்து, பெங்களூர் சென்ட்ரல் கல்லூரிக்கும் பிறகு சென்னைக்கும் போய், 1900 வாக்கில் சேலத்தில் வக்கீலாக உட்கார்ந்தவர். அப்போது ஓசூர், கிருஷ்ணகிரி எல்லாமே சேலம் ஜில்லா. தருமபுரி மாவட்டம் 1965-இல் பிரிந்தது, நம் கிருஷ்ணகிரி மாவட்டம் 2004-இல். ஆகவே சேலத்தில் நடந்ததை நம் ஊர்ச் சரித்திரம் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு.

அந்தச் சேலத்தில் 1916-இல் ராஜாஜியும் வெங்கடசுப்பையர் என்பவரும் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். பெயர், தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம். பரிபாஷை என்றால் கலைச்சொல். விஞ்ஞானத்தில் வரும் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் தமிழில் என்ன சொல்வது என்று யோசித்து, அதற்கென்று ஒரு பத்திரிகையும் போட்டார்கள். அரசாங்கம் சொல்லி இது நடக்கவில்லை. கோர்ட்டுக்குப் போய் வந்த நேரம் போக மீதி நேரத்தில் செய்த வேலை. மறு வருஷம் அவர் சேலம் நகராட்சித் தலைவர், அப்புறம் காந்தி, சிறை என்று வாழ்க்கை வேறு பக்கம் போய்விட்டது. ஆனால் இந்த ஆசை மட்டும் விடவில்லை. "திண்ணை ரசாயனம்", "தமிழில் முடியுமா?" என்று வேதியியலையும் பௌதிகத்தையும் வீட்டுத் திண்ணைக்கே கொண்டுவந்து எழுதிப் பார்த்தார். லண்டனில் ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் 1825-இலிருந்து கிறிஸ்துமஸ் சமயத்தில் சிறுவர்களுக்கு அறிவியல் உரைகள் நடத்துகிறார்கள். பாரடே ஒரு மெழுகுவத்தியை வைத்துக்கொண்டே வேதியியல் முழுவதும் சொல்லிக் கொடுத்த இடம் அது. நம் திண்ணையும் அந்த மேடையும் ஒரே காரியத்துக்குத்தான்.

(அவருடைய 1953 பள்ளித் திட்டத்தை ஓர் ஆசிரியையாக என்னால் இன்றுவரை ஒப்புக்கொள்ள முடியாது. 1938 கட்டாய இந்தியும் அப்படித்தான். அதற்காக 1916-ஐ மறைத்துவிட முடியுமா?)

ஒரு சொல்லுக்காக ஒரு சங்கமா என்று கேட்பீர்கள். கெலமங்கலம், சூளகிரி பக்கம் வகுப்பில் நின்றவர்களுக்கு இந்தக் கேள்வி வராது. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கு, கால்வாசி கன்னடம், மீதிதான் தமிழ். நீராவி என்று கரும்பலகையில் எழுதினால் தெலுங்குப் பிள்ளை "ஆவிரி" என்பான், கன்னடப் பிள்ளை "ஆவி" என்பாள். பாடம் அங்கேயே பாதி முடிந்துவிடும். ஒளிச்சேர்க்கையும் அப்படித்தான். ஒளி தெரிந்தால் சேர்க்கை தானே வந்துவிடும். எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளியில் கன்னட மீடியத்தில் படிக்கும் பிள்ளை இதையே "த்யுதி சம்ஸ்லேஷணெ" என்று மனப்பாடம் செய்ய வேண்டும். குப்பம் பக்கம் தெலுங்கு மீடியத்தில் "கிரணஜன்ய சம்யோக க்ரியா". அந்த மொழிகளைக் குறை சொல்லவில்லை, அந்தப் பிள்ளைகளும் நன்றாகத்தான் படித்து மேலே வருகிறார்கள். ஆனால் ஒரு சொல்லை எங்கிருந்து எடுப்பது என்று பெரியவர்கள் எடுத்த முடிவு, இத்தனை வருஷம் கழித்து ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளையின் நாக்கில் வந்து உட்காருகிறது பாருங்கள்.

தமிழிலும் அது சண்டை இல்லாமல் நடக்கவில்லை. 1940-இல் சென்னை மாகாண அரசு வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் கலைச்சொல் குழு ஒன்றை அமைத்தது. வடமொழிச் சொற்களே வகுப்பை நிரப்பிவிடும் என்று தமிழறிஞர்கள் எதிர்த்து எழுந்தார்கள். அந்த எதிர்ப்பு இல்லாமல் போயிருந்தால் நானும் உங்களுக்கு ஒளிச்சேர்க்கையைத் "த்யுதி" போட்டு நடத்தியிருப்பேனோ என்னவோ.

சரி, சொல் கிடைத்துவிட்டது. அந்தச் சொற்களால் யார் எழுதுவது, எங்கே அச்சாவது, யார் கைக்குப் போவது? நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான்.

அறிஞர் சபைகள் தமிழுக்குப் புதிதல்ல. மதுரையில் பாண்டித்துரைத் தேவர் 1901-இல் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். பச்சையப்பன் பள்ளித் தமிழாசிரியர் ஆ. சிங்காரவேலு முதலியார் தனி ஒருவராக உட்கார்ந்து தொகுத்த "அபிதான சிந்தாமணி"யை 1910-இல் வெளியிட்டது அந்தச் சங்கம்தான். புராணத்தில் ஒரு பெயர், இலக்கியத்தில் ஒரு பாத்திரம் என்று எதைத் தேடினாலும் அதில் கிடைக்கும். பள்ளி ஆசிரியர் ஒருவர் செய்த வேலை என்பதால் எனக்கு அந்தப் புத்தகத்தின் மேல் தனிப் பாசம். ஆனால் ரயில் எஞ்சின் எப்படி ஓடுகிறது, மலேரியா எப்படி வருகிறது என்பதற்கு அங்கே போக முடியாது.

அதற்கு 1946-இல் சென்னையில் வேறொரு சபை பிறந்தது. தமிழ் வளர்ச்சிக் கழகம். ஆரம்பித்தவர் அப்போதைய கல்வி அமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார். கோவையில் ராமகிருஷ்ண வித்யாலயத்தை 1930-இல் தொடங்கியவர், பாரதி பாடல்களைப் பொதுச்சொத்தாக்கிய காரியத்திலும் பங்கு உள்ளவர். நாடு சுதந்திரம் அடைந்த 1947-இலேயே கழகம் ஒரு பெரிய வேலையைக் கையில் எடுத்தது. உலகத்து அறிவு எல்லாவற்றையும் அகர வரிசையில், தமிழில், தொகுதி தொகுதியாகக் கொண்டுவரும் கலைக்களஞ்சியம். கையில் இருந்தது அரசு மானியமும் நன்கொடையும். கம்ப்யூட்டர் கிடையாது, ஜெராக்ஸ் கிடையாது.

அதற்கு முதன்மைப் பதிப்பாசிரியராக யாரைப் போட்டார்கள் தெரியுமா? பல்கலைக்கழகத்துப் பேராசிரியரை இல்லை. ஈரோட்டுப் பக்கம் பிறந்து, பள்ளி ஆசிரியராகவும் ராமகிருஷ்ண வித்யாலயத்தில் தலைமையாசிரியராகவும் இருந்த பெரியசாமித் தூரன். கச்சேரிகளில் அவருடைய முருகன் பாட்டுகளைக் கேட்டிருப்பீர்கள், பெயர்தான் தெரிந்திருக்காது. கவிதை, கதை எழுதியவர், கீர்த்தனை செய்தவர், அதே கையால் மனவியல் பற்றியும் பாரம்பரியம் என்கிற மரபியல் பற்றியும் எளிய தமிழில் புத்தகம் எழுதியவர். என் கணக்கில் அவினாசிலிங்கம் செய்ததிலேயே கெட்டிக்காரத்தனமான காரியம் இந்த ஆளைப் பிடித்ததுதான்.

ஏன் என்று சொல்கிறேன். 1,000-க்கும் மேற்பட்ட அறிஞர்கள் கட்டுரை கொடுத்தார்கள். டாக்டர், எஞ்சினியர், தாவரவியல் பேராசிரியர், சரித்திர ஆசிரியர் எல்லாரும். அவர்களில் பலர் கல்லூரியில் படித்தது முழுக்க ஆங்கிலத்தில். தங்கள் பாடத்தை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் எழுதுவார்கள், தமிழில் எழுதச் சொன்னால் பேனா நின்றுவிடும். ஆங்கிலத்தில் வந்ததைக் கழகத்து அலுவலகத்தில் தமிழாக்க வேண்டும். தமிழில் வந்ததையும் திருத்த வேண்டும், ஏனென்றால் படித்தவர் தமக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டு எழுதுவார். ஒரே பொருளுக்கு மூன்று பேர் மூன்று சொல் போட்டு அனுப்பியிருப்பார்கள், அதில் ஒன்றை முடிவு செய்து பத்துத் தொகுதியிலும் அதையே காப்பாற்ற வேண்டும். அறிஞருக்குப் பொருள் கெடக்கூடாது, படிக்கிறவனுக்கு மூச்சு முட்டக்கூடாது. இரண்டு பக்கமும் பேச்சு வாங்குகிற வேலை. தினமும் நாற்பது பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து, "இது புரியவில்லை" என்பதை அவர்கள் வாய் திறக்கும் முன்பே கண்டுபிடிக்கிற ஆளுக்குத்தான் அது வரும்.

1947-இல் எடுத்த வேலைக்கு முதல் தொகுதி வந்தது 1954-இல். ஏழு வருஷம்! இப்போது என்றால் முதல் வருஷமே கேள்வி கேட்டு மூடியிருப்பார்கள். ஒன்பதாம் தொகுதி 1963-இல், இணைப்பாகப் பத்தாவது 1968-இல். ஒவ்வொன்றும் எழுநூறு பக்கத்துக்கு மேல். 1968-லேயே தூரனுக்குப் பத்மபூஷண் கிடைத்தது. அதோடு ஓய்வு எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அதே வருஷம் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி வந்தது, 1976-க்குள் அதுவும் பத்துத் தொகுதி. பெரியவர்களுக்கு எழுதியதைச் சுருக்கினால் குழந்தைகளுக்கு ஆகிவிடாது. படம் போட்டு, பொருளைத் தேர்ந்தெடுத்து, முதலிலிருந்து எழுத வேண்டும். ஆக மனிதர் ஏறக்குறைய முப்பது வருஷம் இந்த ஒரே வேலையில் இருந்தார். மைசூர்ப் பல்கலைக்கழகம் கன்னடத்தில் இதே மாதிரி கலைக்களஞ்சியத்தைக் கொண்டுவர ஆரம்பித்தது 1969-இல்.

இனி நான் கண்ணால் பார்த்தது.

எண்பதுகளில் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது பள்ளியில் (பெயர் வேண்டாம்) தலைமையாசிரியர் அறையில் ஒரு இரும்பு பீரோ. அதற்குள் குழந்தைகள் கலைக்களஞ்சியம், பத்தும் இருந்தது. அட்டையில் ஒரு கீறல் இல்லை. பக்கத்தைப் புரட்டினால் புது நோட்டு மாதிரி சத்தம் வரும். அதுவரை யாரும் திறந்ததே இல்லை.

காரணம் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. ஸ்டாக் ரிஜிஸ்டர்! பள்ளியில் உள்ள ஒவ்வொரு பொருளும் அதில் ஏறியிருக்கும். ஆடிட் வரும்போது பத்துத் தொகுதி இருந்தாக வேண்டும். ஒன்று காணாமல் போனாலோ கிழிந்தாலோ பொறுப்பில் உள்ளவர் சம்பளத்தில் பிடிப்பார்கள். பிள்ளைகள் கையில் கொடுத்தால் கிழியத்தான் கிழியும். பூட்டி வைத்தால் கிழியாது, சம்பளமும் பிடிக்க மாட்டார்கள். அவர் இடத்தில் குடும்பஸ்தர் யார் இருந்தாலும் பூட்டித்தான் வைத்திருப்பார்.

முப்பது வருஷம் ஒரு மனிதர் உட்கார்ந்து உலகத்தையே தமிழில் எழுதி, அச்சடித்து, அது பஸ் போகாத ஊர்வரை வந்து சேர்ந்துவிட்டது. கடைசி பத்து அடி, பீரோவிலிருந்து பெஞ்சுக்கு, அதுதான் தாண்டவில்லை.

நான் என் பெயரில் ஒவ்வொரு தொகுதியாகக் கையெழுத்துப் போட்டு எடுத்தேன். சனிக்கிழமை அரை நாள் வகுப்பில் தரையில் வட்டமாக உட்காரவைத்து நடுவில் புத்தகம். கை கழுவிவிட்டு வந்தால்தான் தொடலாம். ராக்கெட், யானை, எரிமலை இவைதான் முதலில். பிறகு கிரானைட் பக்கம் அடிக்கடி திறக்கும், பல பேருடைய அப்பாக்கள் கல் குவாரியில் வேலை. நாலாம் தொகுதியில் இரண்டு பக்கம் கிழிந்தது. பசை போட்டு ஒட்டினேன். ஆடிட்டில் வந்தவர் பார்த்துவிட்டுச் சிரித்தாரே தவிர ஒன்றும் எழுதவில்லை. இதைப் படிக்கிற உங்களில் ஒருவர்தான் கிழித்தது, அவருக்கே தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் ஓசூர் மாறிக்கொண்டிருந்தது. சிப்காட்டில் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று வரிசையாகக் கம்பெனி வந்தது. உங்களில் பலர் ஐ.டி.ஐ. முடித்து உள்ளே போனீர்கள். லேத்தைக் "கடைசல் இயந்திரம்" என்று சொல்லிக் கொடுத்தேன், ஷாப் ஃப்ளோரில் லேத் லேத்தாகவே இருக்கிறது. இருக்கட்டும். சபையில் செய்த சொல் எல்லாம் தெருவில் ஓட வேண்டும் என்று சட்டமா? ஓடுகிற சொல் ஓடும். ஆனால் "உராய்வு" என்று படித்தவனுக்கு பேரிங்கில் ஏன் கிரீஸ் போடுகிறோம் என்பது புரிந்துதானே இருந்தது?

அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். 1967-இலிருந்து மணவை முஸ்தபாவை ஆசிரியராகக் கொண்டு "யுனெஸ்கோ கூரியர்" தமிழில் வந்தது. உலகத்து ஆராய்ச்சிகள் மாதா மாதம் தமிழில். 1981-இல் தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் வந்தது, அங்கே அறிவியல் களஞ்சியம், வாழ்வியற் களஞ்சியம் என்று மறுபடியும் பெரிய பெரிய தொகுதிகள். எல்லாம் நல்ல வேலை. ஆனால் கலைக்களஞ்சியம் என்பது வீடு மாதிரி, கட்டி முடித்த மறுநாளிலிருந்தே பழுது பார்க்க ஆரம்பிக்க வேண்டும். தூரனின் தொகுதிகள் முடிந்தபோது மனிதன் நிலாவில் கால் வைத்திருக்கவில்லை. அடுத்த வருஷமே வைத்துவிட்டான். புதுப்பிக்கிற ஆட்களை உட்காரவைக்காமல், வெளியீட்டு விழா முடிந்ததும் வேலையும் முடிந்தது என்று நினைப்பது நமக்கு ஒரு பழக்கமாகிவிட்டது.

நல்ல செய்தி ஒன்று. கலைக்களஞ்சியமும் குழந்தைகள் கலைக்களஞ்சியமும் இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்தில் இணையத்திலேயே இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. பீரோவும் இல்லை, ரிஜிஸ்டரும் இல்லை. போனில் கிழிக்கவும் முடியாது.

ஆனால் நம் மாவட்டத்தைப் பற்றிய மிகப் பெரிய செய்தி அதில் இருக்காது. அது வந்தது 2022-இல். பர்கூர் வட்டத்தில் மயிலாடும்பாறை. தொல்லியல் துறை தோண்டியபோது இரும்பு கிடைத்த மண் அடுக்கிலிருந்து கரித்துண்டுகளை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். கரியில் உள்ள ஒரு வகைக் கார்பன் 5,730 ஆண்டுக்கு ஒரு முறை பாதியாகக் குறையும், மிச்சம் எவ்வளவு என்று அளந்தால் வயது தெரியும். ஒன்பதாம் வகுப்பில் படித்ததுதான். அப்படி வந்த காலம் கி.மு. 2172. அந்த ஆண்டு மே 9 அன்று முதலமைச்சர் சட்டமன்றத்திலேயே அதை அறிவித்தார். அதன் பிறகு 2025 ஜனவரியில் "இரும்பின் தொன்மை" என்ற நூல் வெளியானபோது, தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் அதைவிடப் பழைய காலம் கிடைத்திருப்பதாகச் சொன்னார்கள். ஆராய்ச்சி என்றால் அப்படித்தான், எண் மாறும். ஏன் மாறியது என்று சொல்ல ஆள் இருந்தால் மக்கள் புரிந்துகொள்வார்கள்.

ஆய்வகத்து முடிவு, ஆய்வறிக்கை, சட்டமன்றம், டி.வி. எல்லாம் சரியாக நடந்தது. ஆனால் தூரன் உட்கார்ந்த அந்த நாற்காலி, அறிஞருக்கும் படிக்கிறவனுக்கும் நடுவில் போட்டிருந்த நாற்காலி, இப்போது காலி. அதில் வாட்ஸாப் உட்கார்ந்துகொண்டது. பர்கூரில் உள்ள ஒரு பள்ளிப் பிள்ளைக்கு, அவள் ஊருக்குப் பக்கத்தில் கிடைத்த இரும்பைப் பற்றி அவளுக்குப் புரிகிற தமிழில் பத்துப் பக்கம் படத்தோடு யாராவது எழுதிக் கொடுத்தார்களா? உங்களில் இப்போது ஆசிரியராக இருக்கிறவர்கள் பதினோரு பேர், என் கணக்கில். ஓசூரில் மெட்டலர்ஜி தெரிந்தவர்கள் குறைந்தது மூன்று பேர். ஒருவர் சொல்ல, ஒருவர் எழுத, ஒருவர் படம் போட முடியாதா? திருத்தம் பார்க்க நான் இருக்கிறேன், சிவப்பு மசி இன்னும் தீரவில்லை. எழுதுகிறவர்கள் ஆய்வறிக்கையைப் படித்துவிட்டு எழுதுங்கள், பார்வர்டைப் பார்த்து எழுத வேண்டாம்.

அப்புறம், நம் குடும்ப குரூப்பிலும் பழைய மாணவர் குரூப்பிலும் போன மாதம் ஒரே செய்தி சுற்றியது. கிருஷ்ணகிரி இரும்புக்கு வயது 40,000 ஆண்டாம், நாசாவே சொல்லிவிட்டதாம். அந்தக் கார்பன் முறையே சுமார் 50,000 ஆண்டுக்கு மேல் வேலை செய்யாது, 40,000 ஆண்டுக்கு முன்னால் உலகத்தில் எங்கேயும் உலைக்களம் கிடையாது. முதலில் அனுப்பியது யார் என்று நான் கேட்கப் போவதில்லை. 40,000-ஐ அழித்துவிட்டு ஏறக்குறைய 4,200 என்று எழுதி, எந்தெந்த குரூப்பில் போட்டீர்களோ அங்கேயே மறுபடியும் போட்டுவிடுங்கள். 4,200-உம் சின்ன வயசு இல்லை.